பள்ளியில் விட்டுப்போன கூடம்

10 நவம்பர் 2025, திங்கள்

ராமநாதபுரத்தில் தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி. தலைப்பு: ‘பள்ளி, சமூகத்தின் மையம்.’ பேசினவர் சென்னைக்காரர், நல்ல மனுஷர், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே பேச முயன்று தொண்டை கட்டிப்போனார். பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லையாம். சாயங்காலம் பூட்டிக் கிடக்கிற கட்டடத்தைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட வேண்டுமாம். தாய்மார்களுக்குத் தையல், கம்ப்யூட்டர், உடம்புப் பரிசோதனை, மனு எழுதிக் கொடுப்பது, ஒன்றுமில்லாவிட்டால் சும்மா உட்கார்ந்து பேசுவது, எல்லாம் அங்கேயே. வெளிநாட்டில் சில பள்ளிகளில் ஊர் சனத்துக்குத் துணி துவைக்கிற மிஷின்கூட இருக்கிறதாம். பக்கத்தில் இருந்த திருப்பாலைக்குடிப் பக்கத்து எச்.எம்., “நம்ம ஸ்கூல்ல பாத்ரூமுக்கே தண்ணி இல்ல, இதுல தொவைக்க வேற போறாகளாம்” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

நான் தூங்கவில்லை. சமூக அக்கறை என்று எழுதலாம். ஆனால் இது என் டைரி, இதில் போய் யாரிடம் நடிப்பது? ‘சாயங்காலம் பூட்டிக் கிடக்கிற கட்டடம்’ என்று அவர் சொன்னபோது எனக்கு என் ஞாபகம்தான் வந்தது.

ஜூனில் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு முதுகுளத்தூரிலிருந்து இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தேன். சோணையம்மாள், வயது ஐம்பத்து மூன்று, ஒண்டிக்கட்டை. சாயங்காலம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால், அடுத்த மனுஷக் குரல் மறுநாள் காலைப் பிரேயரில்தான். நடுவில் டிவி சீரியல். அதில் அழுகிறவர்களுக்கு நான் இப்போதெல்லாம் ஆறுதல் சொல்கிறேன். பதில் வந்துவிடுமோ என்று பயந்து இன்று சீக்கிரமே அணைத்துவிட்டேன்.

14 நவம்பர், வெள்ளி

குழந்தைகள் தின விழா. பாட்டு, நாடகம், மிட்டாய். தாய்மார்களை அழைத்திருந்தேன். வந்தார்கள். கேட் வரைக்கும்.

இந்த ஊர்த் தாய்மார்கள் கேட்டைத் தாண்டுவதில்லை. யாரும் தடுக்கவில்லை, அது அப்படித்தான். வெளியே உடைமர நிழலில் வரிசையாக நிற்பார்கள், பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். “உள்ள வாங்கம்மா, நாற்காலி போட்டுருக்கு” என்றேன். “இருக்கட்டும் டீச்சர், இங்கனயே தெரியுது” என்றார்கள். பிள்ளைகளின் நாடகத்தைக் கம்பி வழியாகப் பார்த்தார்கள்.

அந்த வரிசையில் காலிதாவும் நின்றாள். ஏழாம் வகுப்பு சஃபாவின் உம்மா. அதைவிடப் பெரிய பதவி: பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. பெற்றோர்தான் தலைமை வகிக்க வேண்டும் என்பது சட்டம். தீர்மானத்தை நானே எழுதி சஃபாவிடம் கொடுத்தனுப்புவேன், மறுநாள் கையெழுத்தோடு வந்து சேரும். அப்பேர்ப்பட்ட தலைவி கேட்டுக்கு வெளியே, எனக்கு மேலதிகாரி!

ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில். மிச்சப் பேருக்குக் கடல் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, தொழுகைக்குப் போனால் நாலு பேரைப் பார்க்கலாம். பெண்களுக்கு? வீடு. அலுத்துப்போனால் அடுத்த வீடு.

வட்டாரக் கல்வி அலுவலர் மருதுபாண்டி சாரிடம் போனில் கேட்டுவிட்டேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பள்ளியைக் குடும்பங்களுக்குத் திறக்கிறேன் என்று. அவர் பெருமூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. “செய்ங்க மேடம். பிப்ரவரியில ஒரு நா வந்து பாப்பேன். ஆள் இருந்தா நடத்துங்க. இல்லேன்னா அஞ்சு மணிக்குப் பூட்டிரணும், சரியா?”

சரி சார். ஆள்தானே.

24 நவம்பர், திங்கள்

முதல் நாள். சமூகத்தின் மையத்துக்கு வந்தவர்கள்: ஒரு வெள்ளாடு.

அதுவும் உள்ளே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டது.

25 நவம்பர், செவ்வாய்

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சபியா செவ்வாய்தோறும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். வந்தாள். இந்த ஊர்ப் பெண், சின்னவள், வாய் ஓயாது. இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்காலை முகவாய்க்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். யாரும் வராததால் அவளுக்கு அவளே பிரஷர் பார்த்துக்கொண்டாள்.

“டீச்சருக்குப் பாக்கவா?”

“எனக்கு எதுக்கு? இது குடும்பங்களுக்கான சேவை” என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அப்படி ஒன்றும் வேடிக்கையாக இல்லை.

என்னைப் பற்றி ஊரில் மூன்று கதை ஓடுவதாக அவள்தான் சொன்னாள். கல்யாணம் ஆகாத டீச்சர் என்றால் ஊருக்குக் கதை வேண்டாமா? ஒன்று: முறைமாமன் மலேசியாவுக்குப் போனவன் திரும்பவே இல்லை. இரண்டு: ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் பாம்பு. மூன்று: பெண் பார்க்க வந்தவனை மரஸ்கேலால் அடித்துவிட்டேன். மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

28 நவம்பர், வெள்ளி

மழை. யாரும் கடலுக்குப் போகவில்லை. இங்கேயும் யாரும் வரவில்லை. மழை என்பதால் இன்றைக்கு மட்டும் அது அவமானமாக இல்லை.

4 டிசம்பர், வியாழன்

விளம்பரம் இல்லாததுதான் குறை என்று கண்டுபிடித்தேன். நல்ல தமிழில் நோட்டீஸ் எழுதி, தொண்டியில் அச்சடித்து வந்தேன்.

‘பள்ளி இனி அனைவருக்கும்! தினமும் மாலை 5 முதல் 7 வரை பள்ளியின் கதவுகள் பெண்களுக்காகத் திறந்திருக்கும். தையல் பயிற்சி, கணினி, இரத்த அழுத்தப் பரிசோதனை. பாட்டும் விளையாட்டும் உண்டு. குழந்தைகளுடன் வருக! — பள்ளி நிர்வாகம்.’

நானே மைதா பசை காய்ச்சி, இருட்டுவதற்குள் ஊர் முழுக்க ஒட்டினேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஊரே திரண்டு வரும். அதனால் பள்ளிவாசல் தெருவில் நாலு கூடுதலாக ஒட்டினேன். என் புத்திக்கூர்மையை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். வேறு யார் மெச்சுவது?

5 டிசம்பர், வெள்ளி

 இன்னும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முதலில் பயந்துதான் போனேன்.

மூன்று மணி இருக்கும். ஜமாஅத் செயலாளர் வாவு முகம்மது பாய், பின்னால் நாலைந்து பெரியவர்களுடன் ஆபீஸுக்குள் வந்தார். கையில் என் நோட்டீஸ், சுவரிலிருந்து உரித்தது.

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிறக் கூடாது. எங்க பள்ளியில நீங்க தையல் மிசினு போடப் போறியளாமே?”

“எங்க பள்ளி என்ன பாய், நம்ம பள்ளிதானே!” என்றேன் பெருந்தன்மையாக.

பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நம்ம பள்ளின்னு சொல்றது சந்தோசம். ஆனா பொம்பளையள வரச்சொல்லி, பாட்டு, வெளையாட்டுன்னு போட்டுருக்கே?”

“பிள்ளைகளும் கூட வருமுல்ல. பாட்டு இல்லாம எப்படி உக்காரும்?”

“புள்ளைகளும் வருமா!” அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “மோதினார் நேத்துலேருந்து சரியாச் சாப்பிடல டீச்சரம்மா. பாங்கு சொல்றது ஒருபக்கம், பிரசர் வேற நாந்தான் பாக்கணுமான்னு கேக்குறாரு.”

“மோதினார் எதுக்கு பாய்? அதுக்கு சபியா வருதே.”

“சபியா பள்ளிக்குள்ள வருதா!”

அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது. “பாய்... நீங்க எந்தப் பள்ளியச் சொல்றீங்க?”

“ஊர்ல ஒரு பள்ளிதானே இருக்கு” என்று அவர் பள்ளிவாசல் மினாரா தெரிகிற பக்கம் கையைக் காட்டினார். நான் சுவரில் இருந்த எங்கள் பெயர்ப்பலகையைக் காட்டினேன்.

“இதா?” என்றார். “இது பள்ளிக்கூடமுல்ல!”

முதுகுளத்தூரில் பள்ளி என்றாலும் பள்ளிக்கூடம் என்றாலும் ஒன்றுதான். இங்கே பள்ளி என்றால் தொழுகிற இடம். பிள்ளைகள் படிக்கிற இடம் பள்ளிக்கூடம், இல்லையென்றால் ஸ்கூலு. நல்ல தமிழ் எழுதுகிறேன் பேர்வழி என்று நான் போய் அவர்கள் பள்ளிவாசல் சுவரிலேயே, ‘நிர்வாகம்’ என்று கையெழுத்தும் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

 பிறகு வாவு முகம்மது பாய் சிரிக்க ஆரம்பித்தார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு கூடத்த விட்டுட்டியளே டீச்சரம்மா, ஒரு கூடத்த!” என்றார்.

அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மைக்கில் அவர் குரல். “ஊர் மக்களுக்கு ஒரு அறிவிப்பு. செவுத்துல ஒட்டியிருக்க நோட்டீசு நம்ம பள்ளியப் பத்துனது இல்ல. அது பள்ளிக்கூடம். கூ... டம். டீச்சரம்மா கூடத்த மறந்துட்டாங்க. பள்ளிக்கூடத்துல சாயங்காலம் பொம்பளையளுக்குத் தையல், கம்ப்யூட்டர், பிரசர் எல்லாம் இருக்கு. இஷ்டப்பட்டவுங்க போய்க்கிறலாம்.”

கடல் வரைக்கும் கேட்டிருக்கும். நான் வீட்டுக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதிரே யாரோ இருப்பது மாதிரி.

8 டிசம்பர், திங்கள்

வந்துட்டாங்க!

தையலுக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு இல்லை. பள்ளிவாசலில் தையல் மிஷின் போடப் பார்த்த டீச்சரைப் பார்க்க வந்தார்கள். கேட்டருகில் ஒரு தயக்கம். அப்புறம் ஹுமைரா என்ற ஒரு பெண் (தடித்த குரல், அகலச் சிரிப்பு) முதலில் காலை வைத்தாள். “எங்க அந்தக் கூடத்தத் தொலைச்ச டீச்சரு?”

“நாந்தான்” என்று கையைத் தூக்கினேன், மாணவி மாதிரி.

பின்னால் எல்லாரும் வந்தார்கள். காலிதாவும். தலைவி பதவியேற்ற பிறகு முதல் தடவையாக உள்ளே. நான் வெள்ளிக்கிழமை நடந்ததை நடித்துக் காட்டினேன். மோதினார் கட்டத்தில் ஹுமைரா பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள். ஏழு மணிக்கு நான்தான் அவர்களைக் கிளப்ப வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. எத்தனையோ வருஷமாக ஆள் இல்லாமல் ஜோக் அடித்திருக்கிறேன் — இந்த நோட்டில்.

19 டிசம்பர், வெள்ளி

தையல் மிஷினில் நூல் சிக்கியே கிடக்கிறது. கம்ப்யூட்டரில் பிள்ளைகள் படம் வரைகின்றன. வருகிறவர்கள் வருவது உட்காரத்தான். வீட்டில் உட்கார்ந்தால் மாமியார் எழுப்புகிறாராம். செவ்வாயன்று மட்டும் சபியா முன்னால் வரிசை.

காலிதாவின் போன் கண்ணாடி உடைந்து, அதில் அவள் கணவர் அசாருதீன் மூன்று துண்டாகத்தான் தெரிவாராம். அவர் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார், ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. “நம்ம ஸ்மார்ட் போர்டுல பேசேன்” என்று இன்று மாட்டிவிட்டேன். திடீரென்று சுவர் அளவுக்கு அசாருதீன், பனியனோடு, வாயில் பிரஷோடு. ராத்திரி ஷிப்ட்டாம், அப்போதுதான் எழுந்திருக்கிறார். முக்காட்டை இழுத்துக்கொண்டு பெண்கள் ஓடிய ஓட்டத்தில் இரண்டு பெஞ்சு சாய்ந்தது.

“யாரு காலிதா அது பின்னால? கல்யாண வீடா?” என்றார் அவர்.

எல்லாரையும் வெளியே கூட்டிவந்து கதவை ஒருக்களித்தேன். ஒருக்களித்தால் இடுக்கு இருக்கும். பார்த்தேன், பார்க்காமல் இருக்க நான் என்ன நல்லவளா? காலிதா போர்டுக்குக் கிட்டே போனாள். அவர் ஏதோ சொன்னார். அவள் கையைத் தூக்கி அவர் கன்னத்தில் வைத்தாள்.

தொடுதிரை. தொட்டதும் அழைப்பு துண்டாகிவிட்டது.

வெறும் வெள்ளையான போர்டில் கையை வைத்தபடி அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான் சாய்ந்த பெஞ்சை நிமிர்த்தப் போய்விட்டேன்.

28 டிசம்பர், ஞாயிறு

அரையாண்டு விடுமுறை. முதுகுளத்தூரில் தம்பி வேல்ராஜ் வீடு. தம்பிக்கு ஆடு, மிளகாய், போன், இதற்கே நேரம் சரி. அவன் பெண்டாட்டி கோகிலா நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. காலையில் காபி கொடுத்துக்கொண்டே கேட்டாள்: “மதினி, எப்பக் கெளம்புறிய? சும்மா கேட்டேன், பாலு சொல்லணும்ல.”

பால் கணக்கில் நான் கூடுதல்.

6 ஜனவரி 2026, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறக்கிறேன்.

சபியா எல்லாருக்கும் பிரஷர் பார்த்து முடித்துப் பையைக் கட்டினாள். காலிதாதான் சொன்னாள். “டீச்சருக்கு யாரும் பாக்கலையே.”

“எனக்கெல்லாம்...” என்று ஆரம்பித்தேன். ஹுமைரா என்னை அழுத்தி உட்காரவைத்தாள். சபியா முழங்கைக்கு மேலே பட்டையைச் சுற்றினாள். அது மெல்ல இறுகியது.

ஒரு கையை இன்னொருவர் பிடிப்பது ஒரு பெரிய விஷயமா? கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கும்போது விரல் படும். பிள்ளைகள் இடித்துக்கொண்டு ஓடும். ஆனால் வேண்டுமென்று, எனக்காக, ஒருத்தர் கையைப் பிடித்து... யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்றேன். யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பிரஷர் அதிகம். “பேசாம இருங்க டீச்சர், பேசுனா ஏறும்” என்றாள் சபியா.

“பேசாம இருந்துதான் ஏறியிருக்கும்” என்றாள் காலிதா.



பேச்சை மாற்ற ஹுமைரா கேட்டாள்: “ஏன் டீச்சர், மலேசியாவா, பாம்பா, மரஸ்கேலா? எது நெசம்?” மூன்றும் நிஜம் என்று மூன்றையும் ஜோடித்துச் சொன்னேன். மரஸ்கேலில் அடிபட்டவன் பாம்பு கடித்து மலேசியா போனான் என்று முடித்தேன். கூரை அதிர்ந்தது.

நிஜக் கதை ரொம்பச் சின்னது. அய்யா இருந்தவரை கேட்டு வந்தார்கள். தம்பி படிப்பு முடியட்டும் என்றோம். முடிந்தது. அப்புறம் யாரும் கேட்கவில்லை. இதை வைத்துக்கொண்டு யாரைச் சிரிக்க வைப்பது?

23 ஜனவரி, வெள்ளி

தினம் ஒரு மாத்திரை. ‘போட்டாச்சா டீச்சர்’ என்று காலையில் சஃபா கேட்கிறாள். உம்மா கேட்டுவரச் சொன்னாளாம். நான் எச்.எம்., அவள் ஏழாம் வகுப்பு. நாக்கை நீட்டிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

18 பிப்ரவரி, புதன்

மருதுபாண்டி சார் வெள்ளிக்கிழமை வருகிறார். வரட்டும்! உட்கார இடம் இல்லாமல் அவர் நிற்கப் போகிறார்.

நாளை நோன்பு தொடங்குகிறது. பெண்களிடம் சொன்னேன். “வெள்ளிக்கிழமை ஆபீசர் வாராரு. ஆள் இருந்தாத்தான் இது நடக்கும். நோன்புன்னா அடுப்பு வேலை இருக்காதுல்ல, சீக்கிரமே வந்துருங்க.” எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கே ஆச்சரியம், இதில் அப்படி என்ன ஜோக் என்று. கை படுகிறதெல்லாம் பொன்னாகிற காலம்.

20 பிப்ரவரி, வெள்ளி

யாரும் வரவில்லை.

மருதுபாண்டி சார் ஐந்தரைக்கு வந்தார். வரிசையாகப் போட்ட நாற்காலிகள். நான். ஆறு மணிக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெள்ளாடு.

“மேடம், உங்க ரிப்போர்ட்ல கூட்டம் அள்ளுது. நேர்ல ஆடுதான் இருக்கு.”

“வந்துருவாங்க சார்.”

“ஊரே ஏன் இப்படி அமைதியா இருக்கு?”

“நோன்பு சார்.”

“அப்ப சும்மாதானே இருப்பாங்க? சமையல் கிமையல் ஒண்ணும் இருக்காதுல்ல?”

“நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்.”

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னபோது தெருவெல்லாம் கஞ்சி வாசனை, எண்ணெய்ச் சட்டி வாசனை. இரண்டு பேரும் மோந்தோம். சார் சிவகங்கைக்காரர், நான் முதுகுளத்தூர்க்காரி. எங்கள் ஊர் விரதத்தில் அடுப்பு அணைந்திருக்கும். அதனால் இவர்கள் நோன்பிலும் அணைந்திருக்கும் என்று முடிவு கட்டினவள் நான். ஏன்டி சோணை, எட்டு மாசமா இந்த ஊர்த் தண்ணியக் குடிச்சுக்கிட்டு, நோன்பு தொறக்குற நேரத்துலதான் ஒவ்வொரு வீட்டுலயும் அடுப்பு பத்துதுன்னு உனக்குத் தெரியாதா? அந்த நேரத்துக்கா ஆளக் கூப்பிடுவ? அவங்க சிரிச்சப்பவாவது ஏன்னு கேட்டியா? கைதட்டல்னு நெனச்சுக்கிட்டு நின்ன, கைதட்டல்னு.

திங்கள் முதல் ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டும். மருதுபாண்டி சார் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

21 பிப்ரவரி, சனி

கதவைத் தட்டும் சத்தம். இந்த வீட்டுக்கு வந்த பிறகு காஸ் சிலிண்டர்காரர் தவிர யாரும் தட்டியதில்லை. காலிதா, தூக்குவாளியில் நோன்புக் கஞ்சியோடு. பாங்குக்கு முன்னால் திரும்ப வேண்டும் என்று அவசரம், வாசலிலேயே நின்றாள்.

“ஆபீசர் வந்துட்டுப் போனாராமே. அடுப்பு வேலை இல்லன்னு நெசமாவா சொன்னிய? நாங்க சோக்குன்னுல்ல சிரிச்சோம்!”

“நெசமாத்தான் சொன்னேன்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. “டீச்சர், நீங்க எப்ப வெளையாடுறிய, எப்ப நெசமாப் பேசுறியன்னு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. வேணும்னா வேணும்னு சொல்லுங்களேன்.”

போய்விட்டாள். கஞ்சி சூடாக இருந்தது. நின்றபடியே குடித்தேன்.

23 பிப்ரவரி, திங்கள்

ஐந்து மணிக்குப் பூட்டினேன். சீரியலில் அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள்.

27 பிப்ரவரி, வெள்ளி

மேலாண்மைக் குழுத் தீர்மானத்தை எழுதி வழக்கம்போல சஃபாவிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். கையெழுத்து வரவில்லை. தலைவியே வந்தாள், ஹுமைராவையும் இன்னும் சில தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வாசிச்சுக் காட்டுங்க டீச்சர். இம்புட்டு நாளா என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்னு எனக்கே தெரியாது.”

வாசித்தேன். “அலுவலர் அறிவுரைப்படி, மாலை ஐந்து மணிக்குமேல் பள்ளி மூடப்படும்...”

“இதுலயும் கூடத்தக் காணோம்” என்றாள் காலிதா.

ஹுமைரா வாயைப் பொத்திக்கொண்டாள். காலிதா சிரிக்கவில்லை. “அத அடிங்க. நான் சொல்றத எழுதுங்க. தெருப் பக்கம் வாசல் இருக்குல்ல, அந்தப் பழைய ரூம எங்களுக்குத் தொறந்துவிடணும். நோன்பு மாசம் மட்டும் லுஹர் தொழுகைக்குப் பொறகு ரெண்டுலேருந்து நாலு. பெருநாள் முடிஞ்சு பழையபடி சாயங்காலம். தையல் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.”

“காரணம்னு ஒண்ணு எழுதணுமே” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எங்களுக்கு உக்கார வேற எடம் இல்லைன்னு எழுதுங்க.”

நான் பயிற்சியில் வாங்கி வந்த பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் இருந்தன. ஒன்றையும் சேர்க்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். கடைசியில் நானாக ஒரு சொல் சேர்த்தேன். ‘எங்களுக்கும் தலைமையாசிரியைக்கும்’ என்று. வேணும்னா வேணும்னு சொல்லச் சொன்னாளே. சொல்லிவிட்டேன்.

அவள் அதை வாசித்தாள், கையெழுத்துப் போட்டாள்.

மருதுபாண்டி சார் போனில், “கமிட்டி தீர்மானம்னா நான் என்ன மேடம் சொல்றது? ஆனா பொறுப்பு அவங்களோடது. ரூம் சாவியும் தலைவிகிட்டயே இருக்கட்டும்” என்றார்.

கொடுத்துவிட்டேன். என் கொத்தில் அந்தச் சாவி இருந்த இடம் லேசாகத் தெரிகிறது. இனி அது நடக்க நான் வேண்டியதில்லை. நல்லதுதான். நல்லதுதானே?

12 மார்ச், வியாழன்

நேரமில்லை. பழைய ரூமில் நோன்புக்குச் சம்சா மடிக்கப் பழகுகிறேன். என்னுடையதைத் தனித் தட்டில் வைத்திருக்கிறார்கள், யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதாம்.

30 மார்ச், திங்கள்

தம்பி பேரனுக்குக் காதுகுத்து, அதனால் இன்று லீவு. கோகிலா இன்னும் ரெண்டு நாள் இருக்கச் சொன்னாள். “பள்ளிக்கூடத்துல தேடுவாங்க” என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறுத்தியது: தேடுவார்களா? சாவி காலிதாவிடம். செவ்வாய்தோறும் சபியா. என்னை எதற்குத் தேட வேண்டும்?

இறங்கியபோது ஆறு மணி தாண்டியிருந்தது. பழைய ரூமில் லைட் எரிந்தது. தெருவில் செருப்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. உள்ளே நான் இல்லாமலே நல்ல கூட்டம். நல்ல சத்தம்.

கேட்டருகில் நின்றுவிட்டேன். தாய்மார்கள் நிற்பார்களே, அதே உடைமரத்தடியில், பையைக் கையில் பிடித்துக்கொண்டு. உள்ளே போகக் கால் வரவில்லை. இங்கனயே தெரியுது என்று அவர்கள் சொன்னது இதுதான் போல.

ஹுமைராவின் குரல். ஆனால் பேசியது ஹுமைரா இல்லை, நான். முதுகுளத்தூர் இழுப்பு, மூக்கால் ஒரு ‘ம்’, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பேசுகிற அந்த நிறுத்தம்கூட. “எங்க பள்ளி என்ன பாய், நம்ம பள்ளிதானே!” சிரிப்பு. காலிதாதான் வாவு முகம்மது பாய். “இது பள்ளிக்கூடமுல்ல!” மறுபடி சிரிப்பு. அதற்குப் பின்னால் யாரோ, “அய்ய, நாளைக்கு அவுக இருக்கையில செய்யி. அவுக இல்லாம ருசிக்கல” என்றார்கள்.

பாவி மக, நன்றாகத்தான் செய்கிறாள். காலிதாதான் சொதப்பிவிட்டாள். ‘கூடம்’ என்கிற இடத்தில் அழுத்தம் பத்தவில்லை.

உள்ளே போய்த் திருத்தினேன்.